மூன்று வருடம் தாங்காத மெமரி ஃபோம் மெத்தை: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரே ஒரு மெத்தை. 180க்கு 200 செ.மீ. அளவு, 20 செ.மீ. உயரம், ஓரத்தில் ‘ஆர்த்தோ மெமரி ஃபோம்’ என்று தைத்த பட்டை. மெமரி ஃபோம் என்பது உடல் சூட்டில் இளகி, உடம்பின் வடிவத்துக்கு அமுங்கி, மெதுவாக எழும் நுரை. ‘ஆர்த்தோ’ என்றால் எலும்புக்கும் முதுகுக்கும் ஏற்றது என்று விற்பவர்கள் சொல்வது. வாங்கி மூன்று வருடம் முடியவில்லை. அதற்குள் இருவர் படுக்கும் இடமும் பள்ளமாகி, நடுவில் ஒரு மேடு நிற்கிறது. கணவர் 88 கிலோ, அகன்ற தோள், ஒருக்களித்துத்தான் தூங்குவார். மனைவி 57 கிலோ, மல்லாந்து படுப்பவர். காலையில் எழும்போது அவருக்குக் கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது. இரவில் புழுக்கமும் தாங்காது. வாரண்டி அட்டையில் பத்து வருடம் என்று போட்டிருந்தது. கேட்டதற்கு, உங்கள் கட்டில் சரியில்லை என்று விற்றவர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

இருவரும் என்னிடம் வந்தது பழைய மெத்தைக்கு நியாயம் கேட்க அல்ல, அடுத்ததை ஏமாறாமல் வாங்குவதற்கு. ஆனால் பழையது ஏன் போனது என்று தெரிந்துகொள்ளாமல் புதியதைத் தேடுவதில் பயனில்லை. நுரை வெட்டுவது, தைப்பது என் தொழில் என்பதால் கத்தியும் தராசும் கைவசம் உண்டு. மெத்தையை அறுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். “தூக்கிப் போடப்போற மெத்தைதானே, தாராளமா அறுங்க” என்றார் கணவர்.

கட்டிலா, மெத்தையா?

அறுப்பதற்கு முன் விற்றவர்களின் வாதத்தைச் சோதிக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அது முழுப் பொய்யும் அல்ல. கட்டிலின் அடிச்சட்டங்களுக்கு நடுவே 12 செ.மீ. இடைவெளி இருந்தது. நுரை மெத்தைக்கு 7, 8 செ.மீ.க்கு மேல் இடைவெளி விடக்கூடாது. விட்டால் நுரை சட்டங்களுக்கு இடையே மெல்ல இறங்கத் தொடங்கும்.

நேரான ஒரு அலுமினியக் கோலை மெத்தையின் குறுக்கே வைத்து, கோலுக்கும் மெத்தைக்கும் உள்ள இடைவெளியை அளந்தோம். கட்டிலின் மேல் இருக்கும்போது கணவரின் இடுப்புப் படும் இடத்தில் பள்ளம் 4.5 செ.மீ., மனைவி பக்கம் 2 செ.மீ. பிறகு மெத்தையைச் சமதரையில் போட்டு, ஒரு நாள் விட்டு மறுபடி அளந்தோம். 3.8, 1.6. ஆக, கட்டிலின் பங்கு முக்கால் சென்டிமீட்டருக்கும் குறைவு. மீதிப் பள்ளம் மெத்தைக்குள்ளேயே இருக்கிறது.

இந்த இடத்தில் வாரண்டி அட்டையை எடுத்துப் படித்தோம். பள்ளம் 4 செ.மீ.க்கு மேல் இருந்தால்தான் அது குறையாகக் கணக்கில் வரும். மேலே எடை எதுவும் இல்லாமல் அளக்க வேண்டும். கட்டிலின் சட்ட இடைவெளி சரியாக இருக்க வேண்டும். கட்டிலில் வைத்து அளந்தால் 4 செ.மீ.யைத் தாண்டுகிறது, ஆனால் கட்டில் செல்லாது. தரையில் வைத்து அளந்தால் தாண்டவில்லை. எப்படிப் போனாலும் வாசல் மூடியிருந்தது. ஆள் படுத்திருக்கும்போது பள்ளம் இதைவிட ஆழம், முதுகுக்குத் தெரிவது அந்த ஆழம்தான். அட்டைக்கு அது தெரிய வேண்டியதில்லை. பத்து வருடம், பதினைந்து வருடம் என்று பெரிதாக அச்சடித்திருப்பதைவிட, எத்தனை சென்டிமீட்டர் பள்ளத்தை ஒப்புக்கொள்வார்கள் என்று சிறிதாக அச்சடித்திருக்கும் வரிதான் முக்கியம். நிறுவனத்துக்கு நிறுவனம் இது 2 முதல் 4 செ.மீ. வரை மாறும். எண் சின்னதாக இருந்தால் வாங்குபவருக்கு நல்லது.

அறுத்தபோது தெரிந்தது

உறையைப் பிரித்ததும் இரண்டே அடுக்குகள். மேலே 2.5 செ.மீ. மெமரி ஃபோம், கீழே 17.5 செ.மீ. சாதாரண பாலியூரித்தேன் நுரை. மெமரி ஃபோம் மெத்தை என்று பெயர் பெற்ற இந்தப் பொருளில் எட்டில் ஒரு பங்குதான் மெமரி ஃபோம். இதை மோசடி என்று சொல்லமாட்டேன். முழுக்க மெமரி ஃபோமாலேயே ஒரு மெத்தையைச் செய்தால் அதில் படுக்கவே முடியாது, உடம்பு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். தாங்குவதற்குக் கீழே வேறு நுரை கட்டாயம் வேண்டும். கேள்வி, அந்த நுரை எப்படிப்பட்டது என்பதுதான்.

நுரையின் தரத்துக்கு முதல் அளவுகோல் அடர்த்தி, அதாவது ஒரு கன மீட்டர் நுரை எத்தனை கிலோ எடை என்பது. இதை அளக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு லிட்டர் அளவுள்ள துண்டு எத்தனை கிராம் இருக்கிறதோ அதே எண்தான் கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்பதும். அதிகம் அழுத்தம் படாத கால்மாட்டு ஓரத்திலிருந்து மெமரி ஃபோமை 20க்கு 20 செ.மீ. வெட்டினோம். 2.5 செ.மீ. கனத்தோடு சேர்த்து சரியாக ஒரு லிட்டர். அஞ்சல் தராசில் வைத்தால் 34 கிராம். அடி நுரையில் 10 செ.மீ. கனசதுரம் ஒன்று வெட்டினோம், அதுவும் ஒரு லிட்டர். 19 கிராம்.

தொழிலில் புழங்கும் கணக்குப்படி மெமரி ஃபோம் கன மீட்டருக்கு 48 கிலோவுக்குக் கீழே என்றால் மட்டம், 48 முதல் 80 வரை நடுத்தரம், அதற்கு மேல் உயர்ந்த ரகம். தினமும் படுக்கும் மெத்தையின் அடி நுரை 28க்குக் குறையாமல் இருப்பது நல்லது. கனத்த உடம்புக்கு 30க்கு மேல். 34, 19 என்ற இந்த இரண்டு எண்களைப் பார்த்த பிறகு மூன்று வருடம் வந்ததே ஆச்சரியம் என்று தோன்றியது.

அடுத்து, கணவரின் இடுப்புப் படும் இடத்தில் அறுத்து இரண்டு அடுக்குகளின் கனத்தையும் தனித்தனியே அளந்தோம். மெமரி ஃபோம் 2.5லிருந்து 2.1 செ.மீ.க்கு இறங்கியிருந்தது. அடி நுரை 17.5லிருந்து 14.1. மொத்தப் பள்ளமான 3.8 செ.மீ.யில் 3.4 செ.மீ. கீழிருந்து வந்தது! இரண்டு துண்டுகளையும் ஒரே எடையால், ஒரு வட்டத் தட்டில் வைத்து அழுத்திப் பார்த்தால், கால்மாட்டுத் துண்டைவிட இடுப்புத் துண்டு ஏறத்தாழ இருமடங்கு அமுங்கியது. நுரை என்பது நுண்ணிய அறைகளின் கூட்டம். அடர்த்தி குறைந்தால் அறைச்சுவர்களில் இருக்கும் பொருளும் குறைவு. ஒவ்வொரு இரவும் மடங்கி விரிந்து, வியர்வை ஈரத்திலும் உடல் சூட்டிலும் கிடந்து, அவை ஒவ்வொன்றாக முறிகின்றன. முறிந்தவை திரும்ப எழுவதில்லை.

இந்த மெத்தையை வாங்கும்போது என்னவெல்லாம் கேட்டார்கள் என்று விசாரித்தேன். மேல் அடுக்கைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறார்கள். ஜெல் கலந்ததா, கை வைத்தால் தடம் பதிகிறதா, தண்ணீர்க் கிளாஸ் வைத்தால் சிந்தாமல் நிற்கிறதா. கடைக்காரர் எல்லாவற்றையும் செய்து காட்டியிருக்கிறார். கீழ் அடுக்கைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. மெமரி ஃபோம் மெத்தை வாங்குபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வாங்குகிறார்கள். பேச்சு முழுக்க மேலே, பாரம் முழுக்கக் கீழே.

‘நாசா’ பேச்சும் ‘ஆர்த்தோ’ பேச்சும்

விற்பனைப் பேச்சில் நாசா பெயர் வராமல் இருக்காது. விஷயம் உண்மைதான். 1966இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் இந்த நுரையை உருவாக்கினார். விமான இருக்கையில் மோதல் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள, நெடுநேரம் உட்கார்வதை இலகுவாக்க அது தேவைப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் நாசா அந்தத் தொழில்நுட்பத்தைப் பொதுவில் விட்டது. ஸ்வீடன் நாட்டு ஃபேகர்டாலா நிறுவனம் 1991இல் அதை மெத்தையாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றாகிவிட்டது, செய்கிறார்கள். 34 கிலோ நுரைக்கும் 80 கிலோ நுரைக்கும் பாட்டன் ஒருவரே என்பதால் இரண்டும் ஒரே தரம் ஆகிவிடாது.

‘ஆர்த்தோ’ கதை வேறு. முதுகுவலிக்குக் கட்டாந்தரைதான் மருந்து என்று மனைவியிடம் பலர் சொல்லியிருந்தார்கள். அதனால்தான் இருப்பதிலேயே கெட்டியான மெத்தையை வாங்கியிருக்கிறார். ஸ்பெயினில் நடந்து 2003இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று உண்டு. நாள்பட்ட கீழ்முதுகு வலியுள்ள 313 பேருக்குக் கெட்டி மெத்தை, நடுத்தரக் கெட்டி மெத்தை இரண்டில் ஒன்றைக் கொடுத்து 90 நாள் கழித்துப் பார்த்தார்கள். நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. இது கெட்டித்தன்மையைப் பற்றிய ஆய்வு, எந்த நுரை நல்லது என்று அது சொல்லவில்லை. ஆனால் ‘ஆர்த்தோ’ என்று பட்டை தைத்துப் பாறையாக விற்பதற்கு மருத்துவ ஆதாரம் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு குழப்பமும் இதில் கலந்திருக்கிறது. அடர்த்தி வேறு, கெட்டித்தன்மை வேறு. கெட்டித்தன்மையை ஐ.எல்.டி. என்ற எண்ணால் குறிப்பார்கள். நுரையை அதன் கனத்தில் 25 சதவீதம் அமுக்க எவ்வளவு விசை தேவை என்பது அந்த எண். அடர்த்தி மிகுந்த நுரை மெத்தென்றும் இருக்கலாம், அடர்த்தியே இல்லாத நுரையை ரசாயன விகிதத்தை மாற்றி விறைப்பாகவும் செய்யலாம். பழைய மெத்தையில் நடந்தது இரண்டாவது. கடையில் கையால் அழுத்தியபோது விறைப்பாக இருந்தது, அதையே உறுதி என்று எடுத்துக்கொண்டார்கள். இன்று எப்படி இருக்கிறது என்பதைக் கை சொல்லிவிடும். மூன்று வருடம் கழித்து எப்படி இருக்கும் என்பதை அடர்த்தி மட்டுமே சொல்லும்.

மூன்று மெத்தைகள், ஒரு தராசு

புதிய மெத்தைக்கு மூன்றைத் தேர்ந்துவைத்திருந்தார்கள். எல்லாம் 180க்கு 200 அளவு. முதலாவது 25 செ.மீ. உயரம்: 5 செ.மீ. மெமரி ஃபோம் (அடர்த்தி 50), நடுவில் 5 செ.மீ. ஹெச்.ஆர். நுரை, அதாவது அமுக்கினால் சட்டென்று எழும் நுரை (35), அடியில் 15 செ.மீ. (30). இரண்டாவது 30 செ.மீ. உயரம்: 10 செ.மீ. ஜெல் மெமரி ஃபோம், அடர்த்தி 40 என்கிறார்கள்; அடி நுரைக்கு ‘உயர்தரம்’ என்பதோடு சரி, எண் இல்லை. மூன்றாவது 20 செ.மீ.தான்: 4 செ.மீ. மெமரி ஃபோம் (80), அடியில் 16 செ.மீ. (32).

கண்ணுக்கு அழகு இரண்டாவது. உயரமும் அதிகம், மெமரி ஃபோமும் அதிகம். மனைவிக்கு அதில்தான் மனம். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்றேன். புதிய மெத்தையை யாரும் அறுத்துப் பார்க்க விடமாட்டார்கள், ஆனால் டெலிவரிப் பெட்டியின் மேல் எடை அச்சடித்திருக்கும். இரண்டாவதின் பெட்டியில் 27 கிலோ என்று இருந்தது. 10 செ.மீ. மெமரி ஃபோமின் கன அளவு 0.36 கன மீட்டர். அடர்த்தி 40 என்றால் அதுவே 14.4 கிலோ. உறைக்கும் பெட்டிக்கும் 3 கிலோ கழிக்கலாம். மிச்சம் 9.6 கிலோ. அது 20 செ.மீ. அடி நுரையின், அதாவது 0.72 கன மீட்டரின் எடையாக வேண்டும். வகுத்தால் அடர்த்தி 13 சொச்சம். பெட்டிக்குள் அடைக்கும் பேக்கிங் நுரைக்குத்தான் அந்த எண் பொருந்தும். ஆக, மேல் அடுக்கைப் பற்றிச் சொன்னது பொய், அல்லது கீழ் அடுக்கு குப்பை. எது என்று கண்டுபிடிக்கும் அவசியம் நமக்கில்லை.

மற்ற இரண்டையும் இதே கணக்கில் ஓட்டினோம். முதலாவதின் மூன்று அடுக்குகள் 9, 6.3, 16.2 கிலோ, ஆக 31.5, உறையும் பேக்கிங்கும் சேர்த்தால் 34, 35. பெட்டியில் 35. மூன்றாவதுக்கு நுரை மட்டும் ஏறக்குறைய 30, பெட்டியில் 33. இரண்டும் சொன்ன சொல்லுக்கு எடை நின்றன. அடுக்குக் கணக்கைக் கொடுக்க மறுக்கும் விற்பனையாளரிடமும் மொத்த எடையையாவது கேட்டு வாங்கிவிடலாம். மொத்த எடையை மொத்தக் கன அளவால் வகுத்து 30ஐ ஒட்டி வரவில்லை என்றால் நான் அந்த மெத்தையைத் தாண்டிப் போய்விடுவேன். பழைய மெத்தையின் நுரை முழுக்க 15 கிலோதான், சராசரி 21. வாங்கிய அன்றே ஒருவர் தனியாகத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியிருக்கிறார், எவ்வளவு லேசு என்று வியந்திருக்கிறார்கள்.

முதலாவதா, மூன்றாவதா என்பதைத் தராசு தீர்க்கவில்லை. படுத்துத்தான் பார்க்க வேண்டும். மெமரி ஃபோமில் ஐந்து நிமிடம் படுப்பது படுக்காததற்குச் சமம். அறை வெப்பத்தை ஒட்டியே இளகும்படி செய்யப்பட்ட நுரை இது. குளிரூட்டிய கடையில் விறைத்து நிற்கும், உடல் சூடு ஏற ஏற வெண்ணெய்போல் இறங்கும். அதனால் இருவரும் தூங்கும் கோணத்திலேயே, சேர்ந்து, இருபது நிமிடம் படுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். மல்லாந்து படுத்தவரின் இடுப்பு வளைவுக்குள் கையை நுழைத்துப் பார்க்க வேண்டும். கை தாராளமாகப் போனால் மெத்தை அவருக்கு அதிகக் கெட்டி. போகவே முடியாமல் இடுப்பு புதைந்திருந்தால் அதிக மெத்து. ஒருக்களித்தவருக்குப் பின்னால் நின்று, கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பு ஒரே கோடாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவதில் கணவரின் தோள் 4 செ.மீ. அடுக்கைத் தாண்டி அடி நுரையில் முட்டியது. ஆனாலும் அவருக்கு அதுவே பிடித்திருந்தது, “அசையாமத் தாங்குது” என்றார். மனைவிக்கு அதில் திரும்பிப் படுப்பதே பாடாக இருந்தது. அடர்த்தியான மெமரி ஃபோம் மெதுவாகத்தான் எழும். புரளும்போது தன் குழியிலிருந்து தானே ஏறி வரவேண்டும், முதுகுவலிக்காரருக்கு அது தண்டனை. சூட்டையும் அது கூடுதலாகப் பிடித்துவைக்கும். ஜெல் போட்டால் தீராதா என்று கேட்டார். படுத்ததும் குளுமை தெரியும். ஜெல்லும் உடம்பும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு வித்தியாசம் பெரிதாக இருக்காது. காற்று போக வழியுள்ள திறந்த அறை நுரை, மூச்சுவிடும் பருத்தி உறை, கீழே காற்றோட்டமுள்ள கட்டில், இவைதான் இரவு முழுக்கக் கைகொடுக்கும். ஆக, 50 அடர்த்தியில் 5 செ.மீ.யும் அதற்குக் கீழே தோளை வாங்கிக்கொள்ள ஒரு இடை அடுக்கும் உள்ள முதலாவதையே தேர்ந்தார்கள். இருவரின் உடல் எடை வித்தியாசம் இதைவிட அதிகமாக இருந்தால், ஒரே கட்டிலில் இரண்டு தனி மெத்தைகளைச் சேர்த்துப் போடச் சொல்லியிருப்பேன்.

சான்றிதழ் விஷயத்தில் அதிக நேரம் செலவிடவில்லை. செர்ட்டிபூர்-யுஎஸ் முத்திரை இருந்தால் நுரையில் ஈயம், பாதரசம், ஃபார்மால்டிஹைடு போன்றவை சேர்க்கப்படவில்லை, ஆவியாகும் ரசாயனங்கள் வரம்புக்குள் இருக்கின்றன என்று நம்பலாம். அந்த முத்திரை நுரைக்கு மட்டும். உறைக்கு வேறு சான்று, ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 போல. அடுக்கின் கனத்தையும் அடர்த்தியையும் எந்த முத்திரையும் உங்களுக்குச் சொல்லித் தராது. உறையின் லேபிளில் கண்ணாடி இழை என்று இருக்கிறதா என்பதை மட்டும் கட்டாயம் பாருங்கள். தீத்தடுப்புக்காகச் சில மெத்தைகளில் உள்ளுறையில் அதை வைக்கிறார்கள். ஜிப் இருக்கிறதே என்று கழற்றித் துவைத்தால் இழைகள் வீடு முழுக்கப் பரவி, தோல் அரிப்பிலிருந்து மூச்சுத் தொல்லை வரை கொண்டுவரும். இவர்கள் வாங்கியதில் அது இல்லை.

அந்த வீட்டில் கைக்குழந்தை ஒன்றும் உண்டு. குழந்தையை இந்த மெத்தையில் தூங்க வைக்கவே கூடாது என்று அழுத்திச் சொன்னேன். முகம் புதையும் எந்த மெத்துப் பரப்பும் சிசுவுக்கு மூச்சுமுட்டும் ஆபத்து. உறுதியான, சமமான தனிப் படுக்கைதான் அதற்கு.

வந்த பிறகு

சட்டங்களுக்கு மேல் துளையிட்ட ப்ளைவுட் பலகை போட்டுக் கட்டிலைச் சரிசெய்தார்கள். மெத்தை சுருட்டி அழுத்திய நிலையில் வந்தது. பிரித்து இரண்டு நாள் விரிய விட்டு, நான்கு மூலையிலும் உயரம் 25 செ.மீ. வந்துவிட்டதா என்று அளந்துகொண்டார்கள். புது நுரை வாசனை ஜன்னலைத் திறந்துவைத்ததில் ஒரு வாரத்துக்குள் போய்விட்டது.

முதல் சில வாரங்கள் கணவருக்குக் கழுத்துவலி. மெத்தை சரியில்லையோ என்று பயந்து கூப்பிட்டார். மெத்தையில் கோளாறு இல்லை, தலையணையை மாற்றவில்லை. பழைய விறைத்த மெத்தையில் தோள் இறங்காததால் உயரமான தலையணை தேவைப்பட்டது. இதில் தோள் இறங்குகிறது, தலை மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கிறது. தலையணைக்குள் இருந்த பஞ்சில் கொஞ்சத்தை எடுத்த பிறகு வலி நின்றது. மனைவியின் முதுகுப்பிடிப்பு குறைந்திருக்கிறது. ஆனால் அதே சமயத்தில் முழங்காலுக்குக் கீழே சின்னத் தலையணை வைக்கவும் பழகிவிட்டார், அதனால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஒரு வருடம் ஆனபின் அதே அலுமினியக் கோலை வைத்து அளந்ததில் கணவரின் பக்கம் 0.6 செ.மீ., மனைவி பக்கம் அளவில் சொல்லும்படி எதுவும் இல்லை. சில மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போடுகிறார்கள். அடுக்கு மெத்தை என்பதால் புரட்டிப் போடக் கூடாது. மிச்சமிருக்கும் குறை ஒன்றுதான். ஓரத்தில் உட்கார்ந்து சாக்ஸ் மாட்டும்போது சரிகிறது என்கிறார் கணவர். ஓரத்துக்குக் கெட்டி நுரை வைத்துச் சட்டம் கட்டிய மெத்தைகளில் அது குறைவாக இருக்கும். இது அப்படிக் கட்டியதல்ல. நாற்காலியில் உட்கார்ந்து மாட்டிக்கொள்ளுங்கள் என்று மனைவி சொல்லிவிட்டார்.